எந்த வார்டு சார்? சென்னை மாநகராட்சித் தேர்தல் 2022: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு, பத்து மாதம் முன்பு சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றேன். வாசலில் வரிசை இல்லை. நல்லதாகப் போயிற்று, சீக்கிரம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம் என்று உள்ளே நுழைந்தால், வாசலில் நின்ற காவலர் கேட்டார்: “எந்த வார்டு சார்?”

எனக்குத் தெரியவில்லை. தொகுதி தெரியும், எம்.எல்.ஏ. யார் என்று தெரியும், பின்கோடு தெரியும். வார்டு எண் தெரியாது. முந்தின நாள் ராத்திரி செல்போனில் பார்த்துவைத்த பாகம் எண்ணைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தெருமுனையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்களைக் கை காட்டினார்.

அங்கே இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மேஜையில் தடிமனான பட்டியல், பக்கத்தில் ஒரு ஸ்கேல், சின்னம் அச்சடித்த துண்டுச் சீட்டுக் கட்டு. “அண்ணே, தெருப் பேரு மட்டும் சொல்லுங்க” என்றான். சொன்னேன். ஸ்கேலை வரிவரியாக இறக்கி, ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிட்டான். “இந்த ஸ்கூல் இல்லண்ணே. ரெண்டு தெரு தள்ளி மாநகராட்சிப் பள்ளி இருக்குல்ல, அங்க. அண்ணிக்கு அதே ஸ்கூல்தான், ஆனா வேற ரூம், லேடீஸ் பூத்.”

தப்பு என்னுடையதுதான். நான் பார்த்தது சட்டமன்றத் தேர்தல் பட்டியலை. உள்ளாட்சித் தேர்தலுக்கு அதே பெயர்களை வார்டு வாரியாகப் பிரித்து வேறு வரிசையில் அடுக்கியிருப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முப்பது வருடமாகப் பத்திரிகை படிக்கிறவனுக்கு இந்த நிலை.

அன்று மாலை வந்த கணக்கு இதுதான். தமிழகம் முழுவதும் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் 60.70 சதவீதம் வாக்குப்பதிவு. பேரூராட்சிகளில் 74.68, நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22. சென்னையில் சுமார் 43.6. இருபத்தொரு மாநகராட்சிகளில் கடைசி இடம். அதே நாளில் கரூர் மாநகராட்சி 75 சதவீதத்தைத் தாண்டியது.

மறுநாளே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். படித்தவன் ஓட்டுப் போட மாட்டான், லீவு விட்டால் மகாபலிபுரம் போய்விடுவான், குடிசைப் பகுதி மக்கள்தான் ஜனநாயகத்தைக் காப்பாற்றுகிறார்கள். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 61 லட்சம் வாக்காளர்களில் 34 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. இத்தனை பேரையும் சோம்பேறி என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட முடியுமா? அந்த நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பட்டியல் கணக்கு

முதலில் எழும் சந்தேகம் நியாயமானது: பட்டியலே ஊதிப்போயிருந்தால்? சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வருடத்துக்கொரு வீடு மாறுகிறார்கள், பெயர் பழைய தெருவிலேயே கிடக்கும். இறந்தவர் பெயரை நீக்கச் சொல்லி 7-ஆம் எண் படிவம் கொடுக்கிற குடும்பம் எத்தனை?

இந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் பலமான ஆதாரமும் வந்தது. வீடுவீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தை (எஸ்.ஐ.ஆர்.) ஒட்டி 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், சென்னை மாவட்டத்தின் பதினாறு தொகுதிகளில் 40.04 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 25.79 லட்சமாகிவிட்டது. 14.25 லட்சம் பெயர்கள் போயின. அவ்வளவும் போலிப் பெயர்கள் என்று சொல்ல மாட்டேன். படிவம் கைக்கு வராதவர்களும், வீடு பூட்டியிருந்ததால் விடுபட்டவர்களும் அதில் உண்டு. ஆனாலும் பட்டியலில் வெற்றுக்கூடு நிறைய இருந்தது என்பதில் ஐயமில்லை.

சரி, இதை 2022-க்குப் பொருத்திப் பார்ப்போம். நூறு பெயரில் இருபது ஆள் இல்லாத பெயர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மீதி எண்பது பேரில் 43.6 பேர் போட்டது 54 சதவீதத்துக்கு மேல் ஆகிறது. சென்னையின் மானம் கொஞ்சம் தப்பிக்கிறது. ஆனால் ஏறக்குறைய அதே பட்டியலை வைத்துத்தான் 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தில் 59.06 சதவீதம் பதிவானது. அதையும் எண்பதால் வகுத்தால் 74 அருகே போகிறது. அதாவது பட்டியலைச் சுத்தம் செய்தால் இரண்டு தேர்தலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்குவதில்லை. பதினைந்து புள்ளி இருந்தது பத்தொன்பதாகிறது!

மாநகராட்சி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல என்பதால் இது துல்லியமான ஒப்பீடு இல்லைதான். போக்கைக் காட்டப் போதும். ஏப்ரலில் வந்த மனிதர்கள், ஊரில் இருந்த மனிதர்கள், பிப்ரவரியில் வரவில்லை. கேள்வி அவர்களைப் பற்றியது.

பத்து வருட இடைவெளி

சென்னை மாநகராட்சிக்கு அதற்கு முந்தின தேர்தல் 2011 அக்டோபரில். அந்த ஆண்டில்தான் சுற்றுப்புற நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரம் 426 ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. 2016 அக்டோபரில் அடுத்த தேர்தல் அறிவித்து, வேட்புமனுத் தாக்கலும் முடிந்திருந்த நேரத்தில், இடஒதுக்கீட்டு முறையில் குறை இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று அதை ரத்து செய்தது. அந்த மாதமே மன்றத்தின் ஆயுள் முடிந்தது. அரசியல் சட்டம் ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தச் சொல்கிறது. நடந்தது, தனி அலுவலர் ஆட்சி. வழக்கு, வார்டு மறுவரையறை, மறுபடி வழக்கு, அப்புறம் கொரோனா.

இந்த இடைவெளிக்குள் சென்னை எதையெல்லாம் பார்த்தது என்று யோசித்துப் பாருங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய நாட்கள். 2020-இல் தெருவையே தகரம் வைத்து அடைத்த கொரோனா. 2021 நவம்பர் மழையில் தி.நகர் முழங்கால் தண்ணீர். மூன்றிலும் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. தண்ணீர் வராவிட்டால் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம், குப்பை அள்ளாவிட்டால் 1913-க்குப் போன் போட்டோம், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘நம்ம சென்னை’ செயலியில் படம் எடுத்துப் போட்டார்கள். கவுன்சிலர் இல்லாமலே காலம் தள்ளலாம் என்று ஊர் பழகிவிட்டது. என் பார்வையில் குறைந்த வாக்குப்பதிவுக்கு முதல் காரணம் இந்தப் பழக்கம்தான், சோம்பல் அதற்கு ரொம்பப் பின்னால் வருகிறது.

2011 அக்டோபரில் பதினெட்டை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், சென்னையில் தன் முதல் உள்ளாட்சி ஓட்டைப் போடும்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அந்தத் தேர்தலுக்குப் பின் மேயராகப் பதவியேற்ற ஆர்.பிரியாவின் வயதும் இருபத்தெட்டுதான். ஒரு தலைமுறையே கவுன்சிலருக்கு ஓட்டுப் போடுவது என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்துவிட்டது.

பெயர் இல்லாத மேயர்

2011-இல் வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று கவுன்சிலருக்கு, ஒன்று மேயருக்கு. ஊர் முழுக்க ஒரே பெயர், ஒரே முகம் சுவரொட்டியில் இருக்கும். அந்த முகத்துக்காகவாவது நாலு பேர் வருவார்கள். 2019 நவம்பரில் கொண்டுவந்த அவசரச் சட்டம் மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாற்றியது. 2022-இல் சென்னை மேயர் பதவி பட்டியல் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது தேர்தலுக்கு முன்பே தெரியும். அது யார் என்பது ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் தெரிந்தது. மார்ச் 4 அன்று மன்றக் கூட்டத்தில் தேர்வு நடந்தது. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர், முதல் தலித் பெண் மேயர். வரலாற்று நிகழ்ச்சிதான். ஆனால் அந்த வரலாற்றுக்கு ஓட்டுப் போடுகிறோம் என்று பிப்ரவரி 19 அன்று யாருக்கும் தெரியாது.

மறைமுகத் தேர்தல் தவறு என்று நான் வாதாடவில்லை. மேயரும் மன்றமும் எதிரெதிர்க் கட்சியாகிப் போனால் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனால் முதல்வர் வேட்பாளர் யார் என்று தெரிந்து ஓட்டுப் போடப் பழகிய ஊரில், முகமில்லாத தேர்தலுக்கு ஆள் குறைவது ஆச்சரியமில்லை.

மிஞ்சியது வார்டு வேட்பாளர். அவரையாவது தெரியுமா? 61 லட்சத்தை 200 வார்டுக்குப் பங்கிட்டால் வார்டுக்கு முப்பதாயிரம் வாக்காளருக்கு மேல். பேரூராட்சி வார்டில் போட்டியிடுபவர் பெரியப்பா மகனாகவோ, பால் ஊற்றுகிறவராகவோ, பிள்ளையோடு படித்தவராகவோ இருப்பார். ஒரே ஒரு ஓட்டில் முடிவு மாறலாம் என்ற பயமும் உண்டு, அதனால் ஆட்டோ வைத்தாவது கூட்டிவருவார்கள். 75, 68, 52, 43 என்று ஊர் பெரிதாக ஆக வாக்குப்பதிவு படிப்படியாக இறங்குவதைப் பார்த்தால், ஆளுக்கு ஆள் தெரிந்த தூரம்தான் ஓட்டுக்கும் எட்டுகிறது என்று தோன்றுகிறது.

அதோடு கால அவகாசம். ஜனவரி 26 அன்று அறிவிப்பு. 28 முதல் மனுத்தாக்கல். மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் பிப்ரவரி 7. இறுதி வேட்பாளர் பட்டியலுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவே பன்னிரண்டு நாள். ஓமைக்ரான் அலை அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது, ஊர்வலத்துக்குத் தடை, கூட்டத்துக்குக் கட்டுப்பாடு. பன்னிரண்டு நாளில் முப்பதாயிரம் பேரை நேரில் பார்க்க ஒரு நாளைக்கு 2,500 பேர். கையெடுத்துக் கும்பிட்டபடி ஜீப்பில் போவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு வரைபடம்

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் வெவ்வேறு அமைப்பு, வெவ்வேறு இணையதளம். பட்டியல் மட்டும் பொது. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து, தெருக்களை வார்டுக்கு ஏற்பப் பிரித்து அடுக்குவார்கள். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகள் 22 சட்டமன்றத் தொகுதிகளில் பரவிக் கிடக்கின்றன. சோழிங்கநல்லூர், மாதவரம் மாதிரித் தொகுதிகளில் ஒரு பகுதி மாநகராட்சிக்குள், மீதி வெளியே. ஆகவே சட்டமன்றத் தேர்தலில் உங்களோடு ஒரே சாவடியில் நின்ற பக்கத்துத் தெருக்காரர் உள்ளாட்சியில் வேறு வார்டுக்குப் போய்விடலாம்.

அடுத்தது சாவடிகளின் வகை. 2022-இல் சென்னையில் 5,794 வாக்குச்சாவடிகள். அவற்றில் 255 ஆண்களுக்கு மட்டும், 255 பெண்களுக்கு மட்டும், மற்ற 5,284 பொது. ஓட்டுப் போடக் குடும்பமாகக் கிளம்புகிற ஊரில் புருஷன் ஒரு வரிசை, பெண்டாட்டி ஒரு வரிசை. ஒரே வளாகமாக இருந்தால் பரவாயில்லை.

எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். அன்று நான் திரும்பி வரும்போது விரலில் மையோடு உட்கார்ந்திருந்தார். “உங்களுக்கு எப்படிக்கா பூத் தெரிஞ்சுது?” என்று கேட்டேன். “நேத்தே சீட்டு குடுத்துட்டுப் போனாங்களே தம்பி. மூணு கட்சியும் குடுத்துச்சு” என்றார். அவர் வீடு தரைத்தளத்தில், கதவு திறந்தே இருக்கும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசலில் செக்யூரிட்டி. சீட்டுக் கட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது கொரியர் வைக்கிற மேஜையில், தண்ணீர் கேன் பில்லுக்கு அடியில் திங்கட்கிழமை வரை கிடந்தது. எடுத்து எண்ணினேன், நாற்பத்தோரு சீட்டு. எல்லாமே ஓட்டுப் போடாதவர்களுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் ‘படித்தவன் சோம்பேறி’ என்ற தீர்ப்பை நான் கைவிட்டது அந்த மேஜையருகே நின்றபோதுதான்.

கட்சிக்காரர்களை இந்த விஷயத்தில் பாராட்டத்தான் வேண்டும். ஓட்டுக்குப் பணம் வரைக்கும் அவர்களைப் பற்றிச் சொல்ல ஆயிரம் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அன்று ஊரிலேயே சிறந்த வாக்காளர் தகவல் மையம் அந்தப் பையனின் ஸ்கேல்தான்.

வார்டு என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் உண்டு. கட்சிக்காரர் ‘வட்டம்’ என்பார், பழைய தெருப் பலகையில் ‘கோட்டம்’ என்றிருக்கும், அலுவலகத்தில் ‘வார்டு’. மூன்றும் ஒன்றுதான் என்று புதிதாகக் குடிவந்தவருக்கு யார் சொல்வது? வார்டு எண் தெரியாதவர்கள் தெருமுனைப் பெயர்ப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், பெரும்பாலும் அதில் மண்டல எண்ணோடு சேர்ந்து இருக்கும்.

வீடு மாறியவர்கள் 8-ஆம் எண் படிவம், புதிதாகச் சேர்பவர்கள் 6-ஆம் எண். பதினெட்டு நிறைவதைக் கணக்கிட ஜனவரி 1 மட்டும் இல்லை, இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் உண்டு. சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணுக்குப் போன் போடலாம். சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் உள்ளாட்சியிலும் இருக்கும், தனியாக விண்ணப்பிக்கிற வேலை இல்லை. இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. 2025 திருத்தத்தில் பெயர் போனவர்கள் அதற்குள் சேராவிட்டால், வார்டுப் பட்டியலிலும் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஓட்டுக்கு அப்புறம்: பகுதி சபை

கிராமத்தில் இருப்பவருக்குக் கிராம சபை உண்டு. இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். நகரத்தில் இருப்பவருக்கு நெடுங்காலம் அப்படி ஒன்றும் இல்லை. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 74-ஆவது திருத்தம் 1993-லேயே சொல்லிவிட்டது. தமிழகத்தில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பகுதி சபைகள் கூடின. முதல்வர் மு.க.ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபையில் கலந்துகொண்டார்.

ஏற்பாடு எளிது. வார்டைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள், சென்னையில் வார்டுக்குப் பத்து. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் சபைக்கு வரலாம். பகுதிக்கு ஒருவர் வார்டு குழுவில் உறுப்பினர், கவுன்சிலர் அதன் தலைவர். முப்பதாயிரம் பேர் மூவாயிரமாகிறார்கள், ஆளுக்கு ஆள் தெரிகிற தூரம் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று கூட்டத்துக்குத் தேதிகளும் குறித்தார்கள்.

இதில் இடிக்கிற இடம், பகுதி உறுப்பினரை வாக்காளர் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். கவுன்சிலரின் ஆட்களே அந்த நாற்காலியில் உட்காரக் கதவு திறந்தே இருக்கிறது. வார்டுக்கு ஓட்டுப் போட்ட அதே மக்கள் பகுதிக்கும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தால் என்ன கெட்டுவிடும் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

ஒரு டிசம்பர் 10 அன்று, பெயர் வேண்டாம், ஒரு மாநகராட்சியில் நடந்த பகுதி சபைக்கு நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். சமுதாயக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலி ஐம்பது, வந்தவர்கள் முப்பது சொச்சம். கவுன்சிலர், உதவிப் பொறியாளர், துப்புரவு ஆய்வாளர். டீயும் மசால்வடையும். வந்தவர்களில் பாதிப் பேர் கவுன்சிலரின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள், மீதிப் பேர் அந்த வழியாகப் போனவர்கள். தெருவிளக்கு, நாய், பாதாள சாக்கடை என்று பேச்சு ஓடியது. எல்லாவற்றுக்கும் “பண்ணிடலாம்” என்ற ஒரே பதில்.

எழுபதை நெருங்கும் ஓர் அம்மா எழுந்தார். கையில் மடித்து மடித்துக் கிழிந்த ஜெராக்ஸ் தாள். “போன தடவையும் எங்க தெரு மழைநீர்க் கால்வாய் பத்திச் சொன்னேன். எழுதிக்கிட்டீங்க. எழுதுனதப் படிங்க.”

“எஸ்டிமேட் போயிருக்கும்மா” என்றார் கவுன்சிலர்.

“அதத்தான் படிக்கச் சொல்றேன் தம்பி.”

பொறியாளர் நோட்டைப் புரட்டினார். நாலு பக்கம் முன்னால், நாலு பக்கம் பின்னால். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். செப்டம்பர் கூட்டத்தின் பக்கத்தில் தெருவிளக்கு இருந்தது, நாய் இருந்தது, கால்வாய் இல்லை. யாரும் ஒன்றும் பேசவில்லை. கவுன்சிலர்தான் பேனாவை வாங்கி, தானே எழுதினார், வரிசை எண் போட்டு. அம்மா எழுந்து போய் மேஜையருகே நின்று, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எழுதி முடிக்கும்வரை பார்த்தார். தெருப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதையும் திருத்தச் சொன்னார்.

அப்புறம் எண்ணைத் தன் ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, “அடுத்த கூட்டம் என்னைக்கு?” என்று கேட்டார்.

“ஜனவரி இருபத்தஞ்சும்மா.”

பேரனைக் கூப்பிட்டுப் போனில் அலாரம் வைக்கச் சொல்லிவிட்டு, வடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.